நாற்பது படுக்கைகளின் ஜெனவீவ்

2024 மே 30 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் 99 வயது மூதாட்டி ஒருவர் காலமானார். ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய், கடைசிவரை கோயிலை விடாத கத்தோலிக்கர். பெயர் ஜெனவீவ் த கலார். குடியரசுத் தலைவர் மக்ரோன் இரங்கல் தெரிவித்தார். உலகப் பத்திரிகைகள் ஏறக்குறைய ஒரே தலைப்பைப் போட்டன: ‘தியன் பியன் பூவின் தேவதை மறைந்தார்.’

அந்தத் தலைப்புக்குள் அடங்குவது 1954இன் 57 நாட்கள் மட்டும். மார்ச் 28 முதல் மே 24 வரை. முன்னும் பின்னும் இருந்த 98 வருடங்களுக்கும் மேற்பட்ட வாழ்க்கையைப் பத்திரிகைகள் இரண்டு வரியில் முடித்துவிட்டன. அந்த அம்மையாரைச் சரியாக நினைவுகூர வேண்டுமென்றால் அந்த நாட்களையும் பார்க்க வேண்டும், அவற்றின் இருபக்கமும் உள்ள நீண்ட காலத்தையும் பார்க்க வேண்டும்.

1925 ஏப்ரல் 13 அன்று பாரிஸில் பிறந்தவர். தென்மேற்கு பிரான்சின் பழைய பிரபுக் குடும்பம். தங்கள் முன்னோர் ஒருவர் ழான் தார்க்குடன் (ஜோன் ஆஃப் ஆர்க்) சேர்ந்து போரிட்டவர் என்பது அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. புதுச்சேரிக்காரர்களுக்கு ழான் தார்க்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கப்ஸ் கோயிலுக்கு எதிரே உள்ள தோட்டத்தில் அவருடைய சிலை நிற்கிறது. ஜெனவீவ் கண்மூடிய மே 30, அந்தப் புனிதையின் திருநாள்.

குடும்பப் பெருமை பெரிதாக இருந்தாலும் வீட்டில் கஷ்டம் சீக்கிரமே வந்தது. ஜெனவீவுக்கு 9 வயதாகும்போது தகப்பனார் இறந்துவிட்டார். பின்னர் இரண்டாம் உலகப் போர். குடும்பம் பாரிஸை விட்டுத் துலூஸுக்குப் போனது. கணவனை இழந்த ஒரு தாய், போர்க்காலத்தில், பெண்பிள்ளைகளோடு வீட்டை நடத்துவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வீட்டைத் தாங்கும் பெண் எப்படி இருப்பாள் என்பதைச் சிறுவயதிலேயே அருகிலிருந்து கண்டார்.

போருக்குப் பிறகு செவிலியர் படிப்பு. தேர்ச்சி பெற்று பிரெஞ்சு விமானப்படையின் செவிலியர் பிரிவில் சேர்ந்தார். காயம்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி, வழியெல்லாம் கவனித்து, மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. இந்தோசீனத்துக்குப் போகிறேன் என்று அவரே விரும்பிக் கேட்டார். 1953 மே மாதம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லையை ஒட்டி, மலைகள் சூழ்ந்த நீண்ட பள்ளத்தாக்கு தியன் பியன் பூ. 1953 நவம்பரில் பிரெஞ்சுப் படை அங்கே பாராசூட்டில் இறங்கி முகாம் போட்டது. சுற்றிலும் இருந்த அரண்களுக்குப் பெண்களின் பெயர்களை வைத்தார்கள்: கப்ரியேல், பெயாத்ரிஸ், ஆன்-மரி, எலியான், இசபெல். சாலை வழியாக உதவி வர வாய்ப்பில்லை. எல்லாம் ஒரே ஓடுதளத்தை நம்பியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஜியாப்பின் வியட்மின் படை கனரக பீரங்கிகளை ஆள்பலத்தாலேயே மலைமேல் இழுத்து ஏற்றி ஒளித்து வைத்திருந்தது. 1954 மார்ச் 13 அன்று அவை முழங்கின. இரண்டே நாளில் பிரெஞ்சு பீரங்கிப் படையின் தலைவர் பிரோத் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். தன் பீரங்கிகள் எதிரியை அடக்கிவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தவர் அவர்.

அதன்பிறகும் காயம்பட்டவர்களை ஏற்றிவர விமானங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. செஞ்சிலுவை வரைந்த விமானங்கள் மீதும் குண்டு விழுந்தது. பகலில் முடியாது என்றானதும் இருட்டில் இறங்கினார்கள். ஜெனவீவ் மட்டுமல்ல, அவருடைய பிரிவின் மற்றப் பெண்களும் அந்தப் பயணங்களில் உயிரைப் பணயம் வைத்தார்கள். முறை வைத்துப் போவார்கள். மார்ச் 28 ஜெனவீவின் முறை. அது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு.

விடியும் முன் டகோட்டா விமானம் இறங்கியது. தரையைத் தொடும்போது முள்கம்பியில் இடித்து எண்ணெய்த் தொட்டி உடைந்தது. பழுதுபார்த்துப் பறக்கலாம் என்று காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்தது. மலைமேலிருந்த பீரங்கிகளுக்கு நின்றுகொண்டிருக்கும் விமானம் தெளிவாகத் தெரிந்தது. சிறிது நேரத்தில் அது எரிந்து போனது. அதற்குப் பிறகு அந்த ஓடுதளத்திலிருந்து எந்த விமானமும் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவில்லை.

திரும்ப வழியில்லை என்று தெரிந்ததும் ஜெனவீவ் நேராக நிலத்தடி மருத்துவமனைக்குப் போய், டாக்டர் போல் கிரோவனிடம் தனக்கு வேலை கொடுக்கும்படி கேட்டார்.

வரவேற்பு ஒன்றும் இனிமையாக இல்லை. அங்கே இருந்த மருத்துவப் பணியாளர்கள் எல்லோரும் ஆண்கள். மண்ணுக்கடியில், கழிப்பறை வசதிகூட இல்லாத இடத்தில், ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற எரிச்சல். அந்த எரிச்சல் சில நாட்களுக்கு மேல் நீடிக்கவில்லை. மிக மோசமாகக் காயம்பட்ட 40 பேர் கிடந்த அறை அவர் பொறுப்பில் விடப்பட்டது. பாராசூட் படையினர் தங்கள் சட்டை, கால்சட்டையைக் கொடுத்தார்கள். காலுக்குக் கான்வாஸ் ஷூ கிடைத்தது. படுக்க ஒரு ஸ்ட்ரெச்சர். பின்னால் பாராசூட் பட்டுத்துணியை உள்ளே கட்டி ஒரு சிறு பதுங்கறையும் ஒதுக்கினார்கள்.

அந்த 40 படுக்கைகளைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். விமானம் எரிந்த காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செவிலியரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கை கால் போனவர், கண் போனவர், வயிறு கிழிந்தவர். கட்டுப் பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். மயக்க மருந்து ஊசியை யாருக்குப் போடுவது, யாருக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டு கையும் இல்லாதவருக்கு ஊட்டிவிட வேண்டும். பக்கத்துப் படுக்கை காலியானதைப் பார்த்துவிட்டு ‘அடுத்தது நானா?’ என்று கேட்பவனுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும். மருந்தும் ரத்தமும் பாராசூட்டில்தான் விழுந்தன. முகாமின் எல்லை சுருங்கச் சுருங்க, அவற்றில் பலவும் எதிரியின் பக்கம் போய் விழுந்தன.

ஏப்ரலில் மழை பிடித்துக்கொண்டது. சுரங்கங்களில் சேறு ஏறியது. கூரையிலிருந்து மண் சரிந்தது. காயங்களில் புழு வைத்தது. அழுகிய சதையை மட்டும் புழுக்கள் தின்கின்றன, காயம் சுத்தமாகிறது என்று கிரோவன் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லி அவற்றை அப்படியே விட்டுவைத்தார். இதை மருத்துவர் சொல்லிவிட்டு அடுத்த அறுவைக்குப் போய்விடலாம். இரவில் உடம்பில் புழு ஊர்வதைத் தாங்க முடியாமல் கத்துகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் செவிலியர். அங்கே கிடந்தவர்களில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். பிரெஞ்சு ராணுவத்தின் அந்நியர் படையில் சேர்ந்த ஜெர்மானியர் இருந்தனர். மொராக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்க நாட்டவர் இருந்தனர். பிரெஞ்சுப் படையோடு நின்ற வியட்நாமியரும் தாய் இன மலைமக்களும் இருந்தனர். பாதிப்பேர் பேசுவது அவருக்குப் புரியாது.

கத்தோலிக்க மறைக்கல்வியில் உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் என்று ஏழு உண்டு. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், ஆடையில்லாதவனுக்கு ஆடை, வீடில்லாதவனுக்கு இடம், நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் சந்திப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிற பட்டியல்தான். அந்த முற்றுகையில் அது ஒரு நாளின் வேலைப்பட்டியல். ஏப்ரல் 18 அன்று உயிர்ப்புப் பெருவிழா வந்தபோது மேலே குண்டு விழுந்துகொண்டிருந்தது. கீழே கட்டுப் பிரித்துக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 29 அன்று முகாமின் தலைவர் தளபதி த கஸ்த்ரி, பிரான்சின் லெஜியோன் தொனர் விருதையும் போர்ச் சிலுவையையும் அவருக்கு அணிவித்தார். மறுநாள் ஏப்ரல் 30, அந்நியர் படையின் பெருநாள். 1863இல் மெக்சிகோவின் காமரோனில் தங்கள் வீரர்கள் நடத்திய இறுதிச் சண்டையை ஆண்டுதோறும் அவர்கள் நினைவுகூரும் நாள். அன்று ஜெனவீவைத் தங்கள் படையின் கௌரவ வீரராகச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிருந்து உயிரோடு திரும்பினால், எங்கே பார்த்தாலும் ஒரு ஷாம்பேன் வாங்கித் தருகிறேன் என்று தன்னைச் சேர்க்க முன்நின்ற படைவீரரிடம் அவர் சொன்னார். பல ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் தெருவில் காரில் போகும்போது அந்த மனிதரைக் கண்டு, இறங்கி ஓடி, வாக்கைக் காப்பாற்றினார். இந்தப் போரைப் பற்றி எழுதிய பெர்னார்ட் ஃபால் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

மே 7 அன்று முகாம் விழுந்தது. சுமார் 10,000 பேர் சிறைப்பட்டார்கள். கால்நடையாகவே தொலைதூர முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்ட அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். நடக்க முடியாத காயக்காரர்களைக் கவனிக்கக் கிரோவனின் குழுவை வியட்மின் அனுமதித்தது. ஜெனவீவ் வேலையைத் தொடர்ந்தார். வியட்மின் மருந்துகளைத் தங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும், தன் ஸ்ட்ரெச்சரின் அடியில் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 800க்கும் மேற்பட்ட காயக்காரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மே 24 அன்று அவரும் ஹனோய் வந்து சேர்ந்தார்.

முகாமில் இருந்தவர்கள் அவரை வெறும் ஜெனவீவ் என்றுதான் கூப்பிட்டார்கள். தேவதை என்ற பட்டம் பத்திரிகைகள் கொடுத்தது. தோற்றுப்போன ஒரு நாட்டுக்குக் காட்டிக்கொள்ள ஒரு முகம் தேவைப்பட்டது. அமெரிக்காவுக்கும் தேவைப்பட்டது, அந்தப் போரின் செலவில் பெரும்பங்கை அப்போது ஏற்றிருந்தது அமெரிக்காதான். செவிலியர் கல்விக்காக 1943இல் சட்டமே கொண்டுவந்த ஒஹாயோவின் நாடாளுமன்ற உறுப்பினர் பிரான்சிஸ் போல்ட்டன் அழைப்புக்கு ஏற்பாடு செய்தார். ஜெனீவா ஒப்பந்தத்தோடு போர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 26 அன்று நியூயார்க்கின் பிராட்வே தெருவில் காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிய ஊர்வலம். 29 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஐசன்ஹோவர் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். ‘என் கடமையைத்தான் செய்தேன்’ என்பதையே ஜெனவீவ் எல்லா இடத்திலும் சொன்னார்.

இந்தப் புகழில் ஒரு பெரிய அநியாயமும் சேர்ந்தே நடந்தது. தியன் பியன் பூவில் இருந்த ஒரே பெண் என்று அவரை எழுதினார்கள். அது உண்மையில்லை. அங்கே இருந்த ஒரே பெண் செவிலியர் என்பதுதான் உண்மை. பிரெஞ்சு ராணுவம் தன் படைவீரர்களுக்காக நடத்திய இரண்டு நடமாடும் விபசார விடுதிகள் முகாமில் இருந்தன. அல்ஜீரியப் பெண்கள், வியட்நாமியப் பெண்கள். முற்றுகை இறுகியபோது அந்தப் பெண்கள் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட உதவினார்கள், சாகிறவர்களின் பக்கத்தில் இருந்தார்கள். குண்டுக்கும் சேற்றுக்கும் நடுவே அவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களுக்கு ஊர்வலமில்லை, பதக்கமில்லை. பெயர்கூட வெளியே தெரியவில்லை. ராணுவத்துக்கு அவர்களை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அவர்களைக் கொண்டுவந்து வைக்க மட்டும் வெட்கப்படவில்லை. ஜெனவீவைப் போற்றுகிற எவரும் அந்தப் பெண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தப் போற்றுதல் நேர்மையாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது ஒரு காலனியைத் தக்கவைக்க நடந்த போர். மலைமேல் பீரங்கி இழுத்த வியட்நாமிய இளைஞர்கள் தங்கள் நாட்டுக்காக இழுத்தார்கள்; ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒரு செவிலியரின் நல்ல மனத்தால் அந்தப் போர் நியாயமாகிவிடாது. போர் அநியாயம் என்பதால் அந்த 40 படுக்கைகளில் நடந்த வேலையின் மதிப்பும் குறையாது. இரண்டையும் தனித்தனியே பார்க்க நம்மால் முடிய வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் அயலானதல்ல. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் சைகோனுக்குப் பிழைக்கப் போயின. காவலர்களாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் பிரெஞ்சுப் படையின் சொல்தாக்களாகவும் வேலை பார்த்தன. அங்கிருந்து வந்த ‘நேம்’ என்ற சுருள் பலகாரம் இன்றும் சில புதுச்சேரி வீடுகளில் பொரிகிறது. அதே 1954இல்தான், இந்தோசீனத்தை விட்டு வெளியேற முடிவெடுத்த அதே பிரெஞ்சுப் பிரதமர் மாந்தேஸ் பிரான்ஸின் ஆட்சிக் காலத்தில், அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி கைமாறியது.

ஜெனவீவின் அடுத்த வாழ்க்கைக்கு வருவோம். நியூயார்க் ஊர்வலத்துக்குப் பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். 29 வயது, உலகம் முழுக்கத் தெரிந்த முகம். அவர் 1956இல் ழான் த ஹோம் என்ற பாராசூட் படை அதிகாரியை மணந்துகொண்டார். இந்தோசீனத்திலேயே அறிமுகமானவர். கணவரின் உத்தியோகம் போன இடமெல்லாம் போனார்: அல்ஜீரியா, மடகாஸ்கர், ஜெர்மனி. மூன்று பிள்ளைகள். ராணுவக் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் பாரம் புரியும். ஊர் மாற்றம், வீடு மாற்றம், பள்ளிக்கூட மாற்றம். கணவர் எப்போது திரும்புவார் என்று தெரியாத இரவுகள். பதக்கம் வாங்கிய செவிலியராக இருந்தாலும் வீட்டுப் பொறுப்பு வீட்டுப் பொறுப்புதான்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு பாரிஸின் 17ஆவது வட்டாரத்தில் 18 ஆண்டுகள் கவுன்சிலராக இருந்தார். அது செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருகிற பதவி கிடையாது. வீதியில் இருப்பவர்கள் குறையைச் சொல்லிக்கொண்டு வருகிற பதவி. ஒரு காலத்தில் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்றவர் அதை 18 வருடம் விரும்பிச் செய்தார் என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட நம்மை யோசிக்க வைப்பது அவருடைய மௌனம். முகாமிலிருந்து திரும்பிய 1954லேயே டாக்டர் கிரோவன் தன் புத்தகத்தை வெளியிட்டார். ஜெனவீவின் புத்தகம் 2003இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 78. ஏறக்குறைய ஐம்பது வருடம் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். அவர் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தில் அடக்கம் இருந்தது. செத்துப்போன நோயாளிகளின் கடைசி நேரத்தைக் கடைவிரிக்கக் கூடாது என்ற கூச்சமும் இருந்திருக்கும். ஆனால் புத்தகம் வந்ததால்தான் முகாமின் வாழ்க்கையை ஒரு செவிலியரின் கண் வழியாக நாம் பார்க்க முடிகிறது. அது வராமலே போயிருந்தால், தேவதை என்ற அட்டைப்படம்தான் மிஞ்சியிருக்கும். விடுதிப் பெண்களுக்கு அந்த அட்டைப்படமும் இல்லை, புத்தகமும் இல்லை. அவர்களில் ஒருவராவது தன் கதையைச் சொல்ல, அதை யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால், தியன் பியன் பூவின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

2024 மே 7 அன்று அந்தப் போர் முடிந்த 70ஆம் ஆண்டு விழா தியன் பியன் பூவிலேயே நடந்தது. பிரான்சின் அப்போதைய ராணுவ அமைச்சர் லெகொர்னு நேரில் வந்து கலந்துகொண்டார்; அந்த ஆண்டு விழாவுக்கு ஒரு பிரெஞ்சு ராணுவ அமைச்சர் வந்தது அதுவே முதல் முறை. எதிரிகளாக இருந்த இரண்டு நாடுகளும் ஒரே மைதானத்தில் நின்றன. அதற்குச் சரியாக 23ஆம் நாள் ஜெனவீவ் விடைபெற்றார்.

நம் ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். மிஷன் மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் முப்பது வருடம் இரவுப்பணி பார்த்துவிட்டு, அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையரைக் கரையேற்றி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அம்மாக்களும் அத்தைகளும் சித்திகளும். காலரா வார்டையும் பிரசவ வார்டையும் கொரோனா வார்டையும் பார்த்தவர்கள். கேட்டால், ‘என்ன பெரிசா செஞ்சிட்டேன்’ என்றுதான் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த வருடம், எந்த வார்டு, கூட வேலை பார்த்தவர்கள் யார், மறக்க முடியாத நோயாளி யார் என்று கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். கைப்பேசியில் பதிந்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி, அவர்கள் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.